மண்புழு நிறைய இருந்தால் மண் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாமா?

இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைப் பக்கத்தில் முக்கால் ஏக்கர் நிலத்தில் லீக்ஸ், கரட், கோவா என்று மாற்றி மாற்றிப் பயிரிடும் ஒருவர் கேட்ட கேள்வி இது. ஒவ்வொரு போகத்துக்கும் அவர் கோழியெரு இடுகிறார். மண்வெட்டியால் கொத்தும்போது மண்புழுக்கள் தாராளமாகத் தென்படுகின்றன. பார்த்தவர்கள் எல்லாரும் "நல்ல மண்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆனால் மழை பெய்தால் பாத்தியில் நீர் தேங்குகிறது, வெயில் பட்டால் மேற்பரப்பு ஓடுபோல் இறுகுகிறது, கரட் கிளைவிட்டுக் கோணுகிறது, விளைச்சலும் ஆண்டுக்காண்டு குறைகிறது. பொகவந்தலாவைப் பக்கத்தில் சிறு தேயிலை நிலம் வைத்திருக்கும் அவருடைய அக்காவின் மண்ணிலோ மண்புழு தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது; கொழுந்துக்கு மட்டும் குறைவில்லை. அப்படியானால் மண்புழுவை நம்பலாமா, மண்ணில் வாழும் மற்ற சிற்றுயிர்களையும் பார்க்க வேண்டுமா, அதை ஆய்வுகூடம் இல்லாமல் நிலத்திலேயே செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார்.

மண்புழுவின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதே என் பதில். எந்த இனப் புழு இருக்கிறது, அதனோடு கூட வேறு எவை வாழ்கின்றன என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் அந்த எண்ணிக்கைக்குப் பொருள் வருகிறது. நீங்கள் சொல்லும் அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது, உங்கள் நிலத்தில் ஒரே ஓர் இனம் மட்டும் பெருகி, அதற்குத் துணையாகவும் எதிராகவும் வேலை செய்ய வேண்டிய மற்ற உயிர்கள் எல்லாம் இல்லாமற்போயிருக்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏன் அப்படி எண்ணுகிறேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அடுத்த முறை கொத்தும்போது நான்கைந்து புழுக்களை எடுத்து நீரில் கழுவி, உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். முதுகில் கருநிறமோ கபிலநிறமோ இல்லாமல், உடல் வெளிறிய இளஞ்சிவப்பாக, உள்ளே இருக்கும் மண்ணும் இரத்தக்குழாயும் தெரியும்படி இருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு வால் நுனியிலிருந்து தலைப்பக்கமாக விரலை மெல்ல ஓட்டுங்கள். வால்முனை சொரசொரவென்று தூரிகை போல் விரலில் தட்டினால், அது பெரும்பாலும் பொன்டோஸ்கோலெக்ஸ் கொரெத்ரூரஸ் என்ற இனம். அதன் வாலிலுள்ள மயிர்முட்கள் மற்ற இனங்களில் உள்ளவற்றைவிடப் பெரியவை. வரிசை மாறி மாறி அமைந்திருப்பதால் அந்தச் சொரசொரப்பு வருகிறது. இந்தப் புழு நம் நாட்டுக்கு உரியதன்று. தென்னமெரிக்காவின் வடபகுதியிலிருந்து செடிகளோடும் மண்ணோடும் கப்பலேறி வெப்பவலய நாடுகள் முழுவதும் பரவியது. இலங்கையிலும் காடு வெட்டிப் பயிர் செய்த இடங்களிலெல்லாம் சாதாரணமாகக் காணப்படுகிறது. துணையில்லாமலே இனம்பெருக்கக்கூடியது என்பதால், ஒரு நாற்றின் வேர்மண்ணில் ஒரே ஒரு புழு வந்து சேர்ந்தாலும் அது ஒரு நிலத்தை நிரப்பிவிடும். மற்றப் புழுக்கள் தாங்காத குலைப்பையும் வறண்ட காலத்தையும் அது தாங்கும். ஆகவே இந்த இனம் நிறைய இருப்பதை, "இங்கே மண் அடிக்கடி கிளறப்பட்டிருக்கிறது" என்பதற்கான சாட்சியாகத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இது மண்ணை உண்டு வாழும் இனம். மண்ணை விழுங்கி, அதிலுள்ள மிகச் சிறிதளவு உக்கலை, அதாவது உக்கிய இலைதழைப் பொருளை, செரித்து, எஞ்சியதை ஈரக்களிம்பு போல வெளியேற்றுகிறது. அந்தக் கழிவுமண் காய்ந்தால் கெட்டிக் கட்டியாகிறது. வேர்களும் எறும்பும் கறையானும் மரவட்டையும் சிறு புழுக்களும் உடனிருந்தால் அந்தக் கட்டிகளைத் துளைத்து உடைத்துக்கொண்டே இருக்கும். அப்போது கட்டியும் துளையும் கலந்த, நீரையும் காற்றையும் உள்வாங்கும் மண் உருவாகிறது. உடைப்பவை இல்லாமற்போனால் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி, மழையில் குழைந்து, மேற்பரப்பை மூடிவிடுகின்றன. பிரேசிலில் மனௌஸ் நகருக்கு அருகே காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கிய இடங்களில் இது நடந்ததை 1999 இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். காட்டு மண்ணில் இருந்த பலவகை உயிர்கள் மறைந்து, இந்த ஒரே புழு நிலத்தை ஆண்டது. ஹெக்டேயருக்கு ஆண்டொன்றுக்கு 100 தொன்னுக்கும் அதிகமான கழிவுமண்ணை அது மேலே கொட்டியது. நீர் இறங்க வழியில்லாமல் மண் மூடிக்கொண்டது. அதைத் தொடர்ந்து அங்கே நடந்த இன்னொரு சோதனை, என் பார்வையில், இந்தத் துறையிலேயே மிகத் தெளிவான சோதனைகளில் ஒன்று. இறுகிய மேய்ச்சல் நிலத்து மண்ணைப் பாளமாக வெட்டிக் காட்டுக்குள்ளும், காட்டுமண் பாளத்தை மேய்ச்சல் நிலத்துக்குள்ளும் வைத்து ஓராண்டு விட்டார்கள். காட்டுக்குள் வைத்த இறுகிய பாளம் அங்குள்ள உயிர்களால் மீண்டும் துளைகள் கொண்ட மண்ணாயிற்று. மேய்ச்சல் நிலத்துக்குப் போன நல்ல பாளம் இறுகிப்போயிற்று. மண் ஒன்றுதான், அதில் குடியிருப்பவர்களே மாறினார்கள்.

இதனால் இந்தப் புழுவைப் பகையாக எண்ணிவிட வேண்டாம். தமிழ்நாட்டின் ஆனைமலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் 1990களில், தேயிலை வரிசைகளுக்கிடையே குழி வெட்டி, கவ்வாத்துக் கழிவையும் மற்ற உக்கும் பொருள்களையும் அடுக்கி, அவற்றோடு மண்புழுக்களையும் இட்டுச் செய்த முயற்சியில் விளைச்சல் நன்றாக உயர்ந்தது. அங்கே பயன்பட்டதும் இதே பொன்டோஸ்கோலெக்ஸ் இனந்தான். மனௌஸில் மண்ணை மூடிய அதே புழு ஆனைமலையில் மண்ணைத் திறந்தது. அங்கே அதற்கு உண்ண உக்கலும், உடன் வேலை செய்ய மற்ற உயிர்களும் இருந்தன. உங்கள் நிலத்தைப் பார்க்கும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

மண்புழுக்களை அவை வாழும் முறையால் மூன்றாகப் பிரிப்பது வழக்கம். இலைக்குப்பையிலும் எருவிலும் மேலோட்டமாக வாழும் கருஞ்சிவப்புப் புழுக்கள் ஒரு வகை. மண்ணுக்குள்ளேயே கிடந்து மண்ணை உண்ணும் வெளிறிய புழுக்கள் இரண்டாவது வகை. ஆழமாக நெட்டுக்குத்தான வளை அமைத்து, இரவில் மேலே வந்து இலையை உள்ளே இழுத்துச் செல்பவை மூன்றாவது வகை. எருக்குவியலுக்கு அடியில் நூற்றுக்கணக்கில் நெளிபவை முதல் வகையைச் சேர்ந்தவை. கோழியெரு இட்ட சில கிழமைகளுக்குப் பாத்தியிலும் அவற்றைக் காணலாம். எரு தீர்ந்ததும் அவையும் தீர்ந்துவிடும். அவற்றைச் சேர்த்து எண்ணிவிட்டு நிலம் நன்றாக இருக்கிறது என்று மகிழ்பவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நம் மலைகளுக்கே உரிய மெகாஸ்கோலெக்ஸ் குடும்பத்துப் புழுக்களும் உண்டு. அவற்றுள் ஒன்று, 1844 இல் டெம்பிள்டன் என்பவர் இலங்கையிலிருந்து விவரித்த நீலநிறப் பெரும்புழு. மழைக்காலத்தில் காட்டோரப் பாதைகளில், பாம்புக்குட்டியோ என்று திடுக்கிட வைக்கும் நீளத்தில் ஊர்ந்து செல்லும். அதை மரக்கறிப் பாத்தியில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் உங்கள் நிலத்தின் எல்லைவேலியில், கான் ஓரத்தில், மண்வெட்டி படாத இடத்தில் நிறமுள்ள, சொரசொரப்பில்லாத வாலுடைய வேறு புழுக்கள் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலம் எதை இழந்தது என்பதை அவை காட்டும்.

இனி மற்ற உயிர்கள். கண்ணுக்குத் தெரிபவற்றில் நான் முதலில் தேடுவது இலையைக் கடித்து நொறுக்கும் மரவட்டைகளையும், கல்லுக்கும் குச்சிக்கும் அடியில் ஒளியும் சாம்பல்நிறத் தட்டை உயிர்களையும், தரையில் ஓடி மற்றப் புழுக்களைத் தின்னும் கருவண்டுகளையும் பூரான்களையும்தான். மரவட்டை இருந்தால் மண்ணின்மேல் உக்கும் இலை தொடர்ந்து கிடக்கிறது என்று பொருள். இலை இல்லாத இடத்தில் அது ஒரு போகங்கூடத் தங்காது. தரைவண்டும் பூரானும் இருந்தால், அவை உண்பதற்குப் போதிய இரை இருக்கிறது, அண்மையில் கடுமையான பூச்சிமருந்து மண்ணில் விழவில்லை என்ற இரண்டையும் ஒரே வேளையில் அறியலாம். இரைகொல்லிகள் எண்ணிக்கையில் குறைந்தவை, பெருகுவதிலும் மெதுவானவை. ஆகவே மருந்தினால் முதலில் அழிவதும், தாம் உண்ணும் இரையைவிடப் பிந்தித் திரும்புவதும் அவையே. வளைந்து கிடக்கும் வெள்ளைக் குண்டுப்புழுக்களும் நாற்றின் தண்டை அறுக்கும் புழுக்களும் நிறைய இருந்து, இந்த வண்டும் பூரானும் ஒன்றுகூட இல்லையென்றால், அந்த மண்ணில் உண்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கட்டுப்படுத்துபவர்கள் இல்லை. குண்டுப்புழுவுக்கு மருந்து போட்டுப் போட்டு அந்த நிலைமையை உண்டாக்கியவர்களும் நாமேதான் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

கண்ணுக்கு அரிதாகத் தெரியும் இரண்டு கூட்டங்கள் இன்னும் நுட்பமான சாட்சிகள். ஒன்று கொலம்போலா எனப்படும் சிறு துள்ளிகள். ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் அளவில், வயிற்றின் கீழ் மடித்து வைத்த விசைவாலைத் தட்டித் துள்ளுபவை. மற்றது மண்ணில் வாழும் சிற்றுண்ணிகள். அவற்றிலும், கெட்டியான ஓடு போர்த்த, மெதுவாக நகரும், உக்கலையும் பூஞ்சணத்தையும் தின்னும் ஓட்டுண்ணிகள். துள்ளிகளில் பல இனங்கள் விரைவாகப் பெருகும். எரு இட்ட சில கிழமைகளில் அவற்றின் தொகை உயர்ந்துவிடும். ஓட்டுண்ணிகள் அப்படியல்ல. அவை இடும் முட்டைகள் குறைவு, வளர்ச்சிக்குப் பல மாதங்கள் வேண்டும், இடம்விட்டு இடம் வேகமாகப் பரவ அவற்றால் இயலாது. ஒரு முறை அழிந்தால் திரும்பி வர ஆண்டுகள் ஆகலாம். எனவே ஒரு நிலத்தில் ஓட்டுண்ணிகள் பலவகையாக இருந்தால், அந்த மண் பல ஆண்டுகளாகக் குலைக்கப்படாமல் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். துள்ளிகளிலும் மேற்பரப்பில் வாழ்பவற்றுக்குக் கண்ணும் நிறமும் நீண்ட விசைவாலும் இருக்கும். ஆழத்தில் நிலையாக வாழப் பழகியவை கண்ணிழந்து, வெளுத்து, விசைவாலும் இல்லாமல் இருக்கும். இத்தாலிய ஆய்வாளர்கள் 2001 இல் வகுத்த ஒரு மதிப்பீட்டு முறை இதையே அடிப்படையாகக் கொண்டது. இனப்பெயர் எதுவும் தெரியாமலே, ஒவ்வோர் உயிர்வகையும் மண்வாழ்வுக்கு எவ்வளவு பழகியிருக்கிறது என்று பார்த்து 1 முதல் 20 வரை புள்ளியிட்டுக் கூட்டுகிறார்கள். மண்ணை விட்டு வெளியேற முடியாத உயிர்களுக்கே அதிகப் புள்ளி. பெயர் அறியாத விவசாயிக்கு ஏற்ற நல்ல சிந்தனை இது.

வட்டப்புழுக்களைப் பற்றியும் ஒரு சொல். நெமற்றோடு என்றவுடன் நம்மவர்கள் நோயை மட்டுமே நினைக்கிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. நுவரெலியா உருளைக்கிழங்கு நிலங்களில் வேரில் மணிமணியாகக் கூடு கட்டும் வட்டப்புழு ஒரு பெரும் தொல்லை. உயர்நிலத் தேயிலையின் வேரைப் புண்ணாக்கும் பிரட்டிலெங்கஸ் லூசி இன்னொரு தொல்லை. ஆனால் மண்ணில் உள்ள வட்டப்புழுக்களில் பெரும்பகுதி பயிரைத் தொடுவதே இல்லை. பற்றீரியாவைத் தின்பவை, பூஞ்சணத்தைத் தின்பவை, பிற வட்டப்புழுக்களைத் தின்பவை என்று அவை பலவகை. 1990 இல் பொங்கர்ஸ் என்ற டச்சு ஆய்வாளர், வேகமாகப் பெருகித் தொல்லையைத் தாங்குபவற்றுக்கு 1, மெதுவாகப் பெருகித் தொல்லையைத் தாங்காதவற்றுக்கு 5 என்று அளவுகோல் வகுத்து, அவற்றின் சராசரியை மண்ணின் முதிர்ச்சிக்கான சுட்டாக முன்வைத்தார். போகத்துக்குப் போகம் பச்சைக் கோழியெரு விழும் நிலத்தில் அந்தச் சராசரி 1 இன் பக்கமாகச் சரியும். பற்றீரியாவும் அதைத் தின்பவையும் வெடித்துப் பெருகி அடங்கும், முதிர்ந்த சமூகம் உருவாக வாய்ப்பே கிடைக்காது. இதை நுணுக்குக்காட்டி இல்லாமல் செய்ய முடியாது. எனவே, நோய்ப்புழு இருக்கிறதோ என்ற ஐயம் இருந்தால் மட்டும் மண்ணைப் பரிசோதிக்கக் கொடுங்கள். தேயிலைக்கு 1925 இல் தொடங்கப்பட்ட, இன்று தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையமும், மரக்கறிக்கு விவசாயத் திணைக்களமும் இருக்கின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை: மண்புழுவோ நல்ல உயிர்களோ வரட்டும் என்று எண்ணி இன்னொருவர் நிலத்து மண்ணைக் கூடையில் அள்ளி உங்கள் நிலத்தில் கொட்டாதீர்கள். கூடுகட்டும் வட்டப்புழு பரவும் வழிகளில் அதுவும் ஒன்று.

இனி நிலத்தில் செய்யும் முறை. இதற்கு வேண்டியவை மண்வெட்டி, அளவுகோல், வெளுத்த உரப்பை ஒன்று, இரண்டு போத்தல்கள், குறிப்புக் கொப்பி, அரைநாள் பொறுமை ஆகியவைதான். 25 சென்ரிமீற்றர் சதுரத்தைக் குறித்து, மேலே கிடக்கும் இலைகுழையை முதலில் தனியாக எடுத்து அதிலுள்ள உயிர்களை எண்ணுங்கள். பிறகு 30 சென்ரிமீற்றர் ஆழம் வரை, பத்துப் பத்துச் சென்ரிமீற்றராக மூன்று அடுக்குகளாக மண்ணை எடுத்து, ஒவ்வொன்றையும் உரப்பையில் பரப்பிக் கையால் உதிர்த்து எண்ணுங்கள். கிடைத்த தொகையை 16 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீற்றருக்கான கணக்கு வந்துவிடும். ஆனால் நான் அந்தப் பெருக்கலைவிட, எந்த அடுக்கில் எது கிடைத்தது என்பதையே மேலாக மதிக்கிறேன். எல்லா உயிர்களும் மேல் பத்துச் சென்ரிமீற்றருக்குள்ளேயே முடிந்து, கீழே ஒன்றுமில்லாத பலகை போன்ற மண் இருந்தால், உங்கள் கரட் ஏன் கோணுகிறது என்பதற்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். ஆழமாக வளையிடும் புழுக்கள் குழி வெட்டும் அதிர்வில் கீழே இறங்கிவிடுவதால், மூன்று மேசைக்கரண்டி கடுகுத்தூளை இரண்டு லீற்றர் நீரில் கரைத்துக் குழியின் அடியில் ஊற்றிக் கால் மணிநேரம் காத்திருங்கள். காரம் தாங்காமல் அவை மேலே வரும். எண்ணியதும் நல்ல நீரில் கழுவி விட்டுவிடுங்கள்.

ஒரு குழி போதாது. ஒரு நிலத்துக்கு ஐந்து குழியாவது வேண்டும். நம் மலைநாட்டில் அதைவிட முக்கியமானது, மேட்டில் இரண்டும், நடுவில் ஒன்றும், அடிவாரத்தில் இரண்டும் என்று பிரித்து வெட்டுவது. மழைக்கு மேல்மண் கீழே வந்து சேர்வதால் அடிவாரக் குழியில் பெரும்பாலும் உயிர்கள் அதிகம் இருக்கும். வசதியாக இருக்கிறதென்று பாதையோரத்து அடிவாரத்தில் மட்டும் வெட்டினால், மேட்டில் இழந்த மண்ணைக் கீழே கண்டு மகிழ்ந்தவர்களாவோம். கூடவே ஆறாவது குழி ஒன்றை, ஐந்தாறு ஆண்டுகளாக மண்வெட்டி படாத இடத்தில், அதே சரிவில், அதே மண்ணில் வெட்டுங்கள். வேலியோரமோ, பழைய மரத்தடியோ, கோயில் வளவின் பின்புறமோ ஆகலாம். சதுர மீற்றருக்கு இத்தனை புழு இருந்தால் நல்ல மண் என்று ஐரோப்பியப் புல்வெளிகளை வைத்துச் சொல்லும் எண்கள் நமக்குப் பொருந்தா. உங்கள் ஆறாவது குழிதான் உங்கள் அளவுகோல்.

சிறு துள்ளிகளுக்கும் உண்ணிகளுக்கும் இன்னோர் எளிய வழி உண்டு. பெரிய பிளாஸ்ரிக் போத்தலின் மேற்பாதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக்கி, உள்ளே நுளம்புவலைத் துண்டை வைத்து, அதன்மேல் கலைக்காமல் எடுத்த இரண்டு கைப்பிடி மண்ணை இடுங்கள். கீழே சிறிது சேர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றிய கிண்ணத்தை வைத்து, மேலே 40 வாட் பழைய குண்டுபல்பை ஒரு சாண் உயரத்தில் எரியவிடுங்கள்; வெப்பம் தராத எல்இடி பல்பு இதற்கு உதவாது. மண் மேலிருந்து காயக் காய உயிர்கள் கீழே இறங்கிக் கிண்ணத்தில் விழும். ஐந்து முதல் ஏழு நாள் விட வேண்டும். பெர்லேஸ் என்ற இத்தாலியர் 1905 இல் அமைத்த கருவியும், துல்கிரேன் என்ற சுவீடன்காரர் 1918 இல் அதற்குப் பல்பைச் சேர்த்ததுமே இந்த முறையின் தொடக்கம். பிள்ளைகளின் பள்ளிக்கூட உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். துள்ளி, உண்ணி, மற்றவை என்று மூன்றாகப் பிரித்தாலே நிறையத் தெரியும். என் கருத்தில் மலையகப் பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பிப்பவர்கள் இதை ஒவ்வொரு வகுப்பிலும் செய்து காட்ட வேண்டும். தாங்கள் தினமும் மிதித்து நடக்கும் மண்ணில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்த பிள்ளை அதை மறக்காது.

இலை உக்கும் வேகத்தை அறிய உலகெங்கும் இப்போது தேயிலைப் பைகளையே புதைக்கிறார்கள் என்பது நமக்குச் சிறப்பாகச் சொல்ல வேண்டிய செய்தி. 2013 இல் வெளியான அந்த முறையில், பச்சைத் தேயிலைப் பை ஒன்றையும் ரூயிபோஸ் எனும் தென்னாபிரிக்க மூலிகைப் பை ஒன்றையும் நிறுத்து, 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஏறத்தாழ மூன்று மாதம் புதைத்து, எடுத்துக் காயவைத்து மீண்டும் நிறுக்கிறார்கள். பையின் வலை மிக நுண்ணியதாகையால் மண்புழுவும் மரவட்டையும் உள்ளே போக முடியாது. நுண்ணுயிரும் மிகச் சிறிய உயிர்களும் செய்யும் வேலையை மட்டுமே அது அளக்கிறது. பெரிய உயிர்களின் வேலையை அறிய, ஒரே அளவு காய்ந்த முள்முருங்கை இலையை நுளம்புவலைப் பையிலும், அகலக் கண்ணுள்ள மரக்கறி வலைப்பையிலும் கட்டி அருகருகே வைத்து, எதில் முதலில் தீர்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் தீர்ந்தால், அங்கே இலை நொறுக்கும் உயிர்கள் இல்லை.

அக்காவின் தேயிலை நிலத்தை உங்கள் பாத்தியோடு ஒப்பிடக் கூடாது. தேயிலைக்கு ஏற்ற மண்ணின் பிஎச் அளவு 4.5 முதல் 5.5 வரை (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்); அந்தப் புளிப்பில் பல மண்புழு இனங்கள் தாமாகவே குறைவு. பிஎச் 4.5 இற்குக் கீழே இறங்கிய மண்ணில் அவற்றுள் பெரும்பாலானவற்றை எதிர்பார்க்க முடியாது; அங்கே நூல்போன்ற வெள்ளைக் குறும்புழுக்களும் துள்ளிகளும் ஓட்டுண்ணிகளும்தான் பெரும்பாலும் இலைகுழையை உக்க உதவுகின்றன. ஆகவே தேயிலையில் மண்புழு குறைந்திருப்பது தனியாகக் குறையன்று. செடிக்கு அடியில் கிடக்கும் இலையைக் கையால் விலக்கிப் பார்த்து, அது படிப்படியாக உக்கி மண்ணோடு கலந்திருக்கிறதா, அல்லது வறண்டு பாயாகப் படிந்து, அதன் கீழே வெறும் மண் தெரிகிறதா என்று பார்ப்பதே பயனுள்ளது. அவர் கவனிக்க வேண்டியவை இரண்டு. இலையைத் தாக்கும் பூஞ்சண நோயான கொப்புள நோய் 1946 இல் இலங்கைக்கு வந்தது முதல் தேயிலைக்குச் செப்பு மருந்து அடிக்கப்பட்டு வருகிறது. செப்பு சிதைந்து போகாது, மேல்மண்ணின் உக்கலோடு பிணைந்து ஆண்டுக்காண்டு சேரும், மண்புழுவுக்கு அது நஞ்சு. பழைய மலைகளில் புழு இல்லாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அடுத்தது கவ்வாத்துக் குச்சி. அது விறகாக லயத்துக்குப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். அடுப்பு எரிய வேண்டும். ஆனால் தடித்த குச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, இலையையும் சிம்பையும் செடிக்கிடையே விட்டால், மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் பெருவிருந்து வீணாகாது. தேயிலை பிடுங்கிய மலையில் மீண்டும் நடுவதற்கு முன் மானா புல்லும் குவாத்தமாலா புல்லும் வளர்த்து மண்ணைத் தேற்றும் பழைய வழக்கமும் இதே உணவை மண்ணுக்குத் தருவதுதான்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, இனி மண் தானாக உயிர்பெறும் என்று நம்பியவர்கள் உண்டு. அந்த ஆண்டு முடிவதற்குள் தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளர் பட்ட இழப்பு எல்லாரும் அறிந்தது. மண்ணுயிர்களின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது பிழையான வழி. அவற்றுக்கு வேண்டியது உணவு, மூடாக்கு, குலைக்கப்படாத காலம் ஆகிய மூன்றும். உரம் நின்று பயிர் குன்றினால், மண்ணுக்குத் திரும்பும் வேரும் சருகுங்கூடக் குன்றிவிடும்.

உங்கள் முக்கால் ஏக்கரில் முழுவதையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். சரிவுக்குக் குறுக்கே ஒரு பட்டியைப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டிக்குப் பச்சைக் கோழியெருவை இடாமல், வைக்கோலோ மானா புல்லோ கலந்து இரண்டு மூன்று மாதம் மக்கவைத்து, உள்ளே கைவைத்தால் சூடு இல்லாத நிலையில் இடுங்கள். பச்சையெருவின் அமோனியாவும் உப்பும் மென்தோல் உயிர்களைக் கொல்லும். கோவாவின் வெளியிலைகளையும் லீக்ஸ் நுனிகளையும் நோயில்லாதவரை அங்கேயே பரப்புங்கள். கான் ஓரத்தில் ஓரடி அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் விடுங்கள். தரைவண்டும் பூரானும் அங்கிருந்துதான் பாத்திக்குள் வரும். மூன்றாம் போகத்தில் லீக்ஸ், கரட்டுக்குப் பதிலாகப் போஞ்சி நட்டு, அறுவடையின் பின் வேரைப் பிடுங்காமல் தண்டை அறுத்துவிடுங்கள். மண்ணில் இடும் குருணை மருந்தை அந்தப் பட்டியில் தவிர்க்க முடியுமானால் தவிருங்கள். முடியாவிட்டால் எந்த நாளில் எவ்வளவு இட்டீர்கள் என்பதை எழுதி வையுங்கள்.

துள்ளிகள் சில கிழமைகளிலும், எறும்பும் வண்டும் ஒரு போகத்துக்குள்ளும், மரவட்டை மூடாக்கு நிலைத்த பிறகும் வரும். ஓட்டுண்ணியை இரண்டு மூன்று ஆண்டுக்கு முன் எதிர்பார்க்க வேண்டாம். பொன்டோஸ்கோலெக்ஸ் புழு குறையாமலும் இருக்கலாம். அது உங்களைக் கலங்க வைக்க வேண்டியதில்லை, மேற்பரப்பில் அதன் கட்டிகள் உதிரத் தொடங்கினவா என்று மட்டும் பாருங்கள். எண்ணுவதற்கு ஒக்டோபர், நவம்பர் ஏற்ற காலம். இடைப்பருவ மழை அப்போது தீவு முழுவதும் பெய்வதால், கந்தப்பளையிலும் பொகவந்தலாவையிலும் மண் ஏறத்தாழ ஒரே ஈரத்தில் இருக்கும். மழை தொடங்கி மூன்று கிழமை சென்றபின், எரு இட்டு ஒரு மாதத்துக்குக் குறையாத நாளாகப் பார்த்து, காலையில் வெட்டுங்கள். அடுத்த ஆண்டும் அதே கிழமையில், பழைய குழிகளிலிருந்து இரண்டு மூன்று எட்டுத் தள்ளி வெட்டுங்கள். குழியை மூடுமுன் ஒரு போத்தல் நீரை அருகிலுள்ள கிளறாத மண்ணில், அடியில்லாத பால்மா டின்னொன்றைப் பதித்து ஊற்றி, அது முழுவதும் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதையும் அந்தக் கொப்பியிலேயே, புழுக்கணக்குக்கு அருகில் எழுதிக்கொள்ளுங்கள்.